ரத்தினவேல் காட்டிய பட்டணம்

பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப் ஃபிட்டர் ரத்தினவேலுக்கு மதராஸ் பட்டணம் அத்துப்படி. அப்படித்தான் அவர் பதினொரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். உண்மையில் அவர் அங்கே போனது ஒரே ஒரு தடவை. எழும்பூர் ஸ்டேஷனில் இறங்கி, அங்கேயே இட்லி சாப்பிட்டுவிட்டு அடுத்த ரயிலில் திரும்பிவிட்டார். அந்த நாலு இட்லியை வைத்துக்கொண்டு பட்டணம் முழுவதையும் கட்டி எழுப்பியிருந்தார் மனுஷன்.

வினை மச்சினன் ரூபத்தில் வந்தது. ஸ்ரீரங்கத்தில் வளையல் கடை வைத்திருந்த அழகிரிக்குக் கல்யாணமாகி ஒரு மாசம்.

"மாமா, பட்டணத்தை நீங்கதான் சுத்திக் காட்டணும். டாக்சியிலயே சுத்துவோம்!"

"அதுக்கென்ன, காட்டிட்டாப் போச்சு!"

வாய் சொல்லிவிட்டது, அப்புறம்தான் யோசனை வந்தது. புதுப்பெண் முன்னால் குட்டு உடைந்தால், அப்புறம் மாமனார் வீட்டுப் பக்கம் தலைகாட்ட முடியுமா? மனைவி அமிர்தமோ ஒன்றும் தெரியாதவளாகப் புளியோதரை கட்டினாள்.

வெள்ளிக்கிழமை காலை. எழும்பூர் வாசலில் வரிசையாக நின்ற டாக்சிகளில் ஒன்று தானாகவே முன்னால் வந்து நின்றது. தன் தோரணையைப் பார்த்துத்தான் வந்தது என்று ரத்தினவேல் நினைத்துக்கொண்டார். மற்றவர்கள் ஏறும் நேரத்தில், தொப்பி போட்டிருந்த டிரைவரை ஒரு தூணோரம் ஒதுக்கினார்.

"பாய், உங்க பேரென்ன?"

"அப்துல் சலாம்ங்க."

"ஒவ்வொரு இடம் வர்றப்பவும் எனக்கு மட்டும் கேக்கறாப்ல பேரைச் சொல்லிடுங்க. மிச்சத்தை நான் அளந்துவிட்டுக்கறேன்."

"ஆகட்டும்ங்க."

அந்த முகத்தில் ஆச்சரியமே இல்லை. பட்டணத்துக்காரர் எதைத்தான் பார்க்கவில்லை!

அப்துல் சலாம் கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் முணுமுணுப்பார். முன் சீட்டிலிருந்து ரத்தினவேல் முழங்குவார்.

"இதான் ஐகோர்ட்டு! உச்சியில தெரியுது பாரு, அதான் லைட் ஹவுஸ்!"

"மலைக்கோட்டையைவிட உசரமாண்ணே?" என்றாள் புதுப்பெண் செல்லக்கிளி.

"பாதிகூடத் தேறாதும்மா!"

அதற்கு மட்டும் அவருக்கு யாரும் எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

பன்னிரண்டரை மணிக்குக் கடற்கரைச் சாலையில் வண்டி நின்றது. "ஜும்மா தொழுகைங்க. முக்கால் மணி நேரத்துல வந்துடறேன்" என்று அப்துல் சலாம் பள்ளிவாசலுக்குக் கிளம்பிவிட்டார்.

"அண்ணே, அதோ வட்டமா நிக்குதே, அது என்ன கட்டடம்?"

ரத்தினவேல் பரிதாபமாகக் கடலைப் பார்த்தார். கடல் எடுத்துக் கொடுக்கவில்லை.

"ஐஸ் ஹவுஸ்" என்றாள் அமிர்தம். "அந்தக் காலத்துல அமெரிக்காவுலேருந்து கப்பல்ல ஐஸ் கொண்டாந்து வெச்சிருந்தாங்களாம். நீங்கதானேங்க சொன்னீங்க?"

"ஆமாமா, சொன்னேனே!"

"அந்தப் பக்கம் மணிக்கூண்டு தெரியுதே, அக்கா?" என்றான் அழகிரி.

"பிரசிடென்ஸி காலேஜு. கடிகாரத்துக்கு நாலு முகம். மாமாதான் சொன்னாங்க."

"அதுவும் நான்தான்!"

அவர் கனவிலும் சொல்லாததையெல்லாம் அவர் சொன்னதாகவே சொல்லிக்கொண்டு போனாள். புது ஜோடி கால் நனைக்க ஓடியது. ரத்தினவேல் மனைவி பக்கம் திரும்பினார். அங்கேயே அவள் காலில் விழுந்திருப்பார், மணல் சுட்டது.

"அமிர்தம், என் மானத்தைக் காப்பாத்திட்டே. இதை என் ஆயுசுக்கும் மறக்கமாட்டேன். உனக்கு எப்படி இதெல்லாம் தெரியும்?"

"பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பேட்ரிசியா பொறந்து வளந்தது இங்கதாங்க. நீங்க பட்டணத்துக் கதை சொன்ன மறுநாளெல்லாம் அவங்களைக் கேட்டுச் சரி பாத்துக்குவேன்."

"பதினொரு வருஷமாவா? ஒரு வார்த்தை சொல்லலியே!"

"நீங்க சொன்ன பட்டணம் இதைவிட நல்லாருந்துச்சுங்க."

ரத்தினவேல் அசடு வழிந்தார். அப்படி ஒரு மனைவி வாய்த்ததற்கு மனசார ரங்கநாதரைக் கும்பிட்டார். ஆனாலும் ஆண்பிள்ளை இல்லையா? மிச்சம் மீதி கௌரவத்தைக் கூட்டிப் பெருக்கி எடுத்துக்கொண்டு சொன்னார்:

"என்ன இருந்தாலும் பாயைக் கையில போட்டுக்கிட்டேன் பாரு, அது என் மூளை!"

அமிர்தம் சுருக்குப் பையிலிருந்து ஒரு தபால் கார்டை எடுத்து நீட்டினாள்.

"அந்த பாய் பேட்ரிசியா அண்ணனுக்குப் பழக்கமானவருங்க. நாம வர்ற விஷயத்தைப் போன வாரமே அவருக்கு எழுதிப் போட்டுட்டேன். 'பேரெல்லாம் ஐயா காதுல நான் போட்டுடறேன், ஜும்மா நேரத்துக்கு மட்டும் நீங்க பாத்துக்குங்கம்மா'ன்னு பதில் எழுதியிருக்காரு."