நார்மனுக்கு ஏற்ற லென்ஸ்

ஒரு காட்டில் ஒரு பறவை இருக்கிறது என்று அரசாங்கம் ஒப்புக்கொள்ள வேண்டுமானால், அந்தப் பறவை அங்கே இருந்தால் மட்டும் போதாது. சும்மா இருப்பதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். உரிய தூரத்தில், உரிய வெளிச்சத்தில், உரிய லென்ஸின் முன்னால் அது இருந்தாக வேண்டும். மெல்பர்னிலிருந்து வெகுதூரம் வடக்கே, கேன்ஸ் நகரத்தையும் தாண்டி, மழைக்காட்டை ஒட்டிய ஹார்லி க்ரீக் என்ற ஊரில் நரேல் டக்வெல் இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்ட வரலாறு பின்வருமாறு.

நரேலின் வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டுக் காடு உண்டு. பெரிய காட்டின் வால் போல ஓடைவரை இறங்கி வரும். அதில் நார்மன் குடியிருந்தது. நார்மன் ஒரு கசோவரி, பறக்கத் தெரியாத பெரும்பறவை. ஆள் உயரம், நீலக் கழுத்து, தலையில் கொம்பாலான தொப்பி, ஒரே உதையில் கார் கதவை நெளிக்கிற கால். அந்த இனத்தில் பெண் முட்டையிட்டுவிட்டு நடையைக் கட்டிவிடும். அடைகாப்பதும் வளர்ப்பதும் அப்பன் பாடு. நரேலின் புருஷனும் ஒருநாள் நடையைக் கட்டியவன்தான் என்பதால், பிள்ளைகளைத் தனியாகக் கரையேற்றுகிற நார்மன்மேல் அவளுக்குத் தனி மரியாதை. காலையில் வரிபோட்ட இரண்டு குஞ்சுகளையும் கூட்டிக்கொண்டு, குவான்டாங் மரத்தடியில் உதிர்ந்த நீலப் பழங்களை விழுங்க அது வரும். அதைப் பார்க்காமல் நரேல் டீ குடித்ததில்லை.

இந்த நிலையில், ஊருக்கு நல்லது செய்யக் கவுன்சில் முடிவெடுத்தது. ஆண்டுதோறும் 'மழைக்காட்டு வனவிலங்குப் புகைப்பட விழா' நடத்தப்படும். உலகமெங்குமிருந்து ஆட்கள் காட்டைப் படம்பிடிக்க வருவார்கள். வருகிறவர்கள் காரை எங்கே நிறுத்துவார்கள்? காடு இருக்கிற இடத்தில்தான் நிறுத்த முடியும். ஆகவே துண்டுக் காடு வாகன நிறுத்துமிடம் ஆகும். இருப்பினும், மேற்படி நிலத்தில் கசோவரி வசிப்பது தக்க புகைப்படச் சான்றுடன் நிரூபிக்கப்படும் பட்சத்தில் திட்டம் மறுபரிசீலனை செய்யப்படும் என்றும் அறிவிப்பில் பெருந்தன்மையுடன் சொல்லியிருந்தது.

நரேலுக்குச் சிரிப்பு வந்தது. அன்று மத்தியானமே ஒரு படத்தோடு கவுன்சிலின் சுற்றுச்சூழல் அதிகாரி க்ளைவ் பிளன்டெல் முன்னால் போய் உட்கார்ந்தாள். க்ளைவ் இனிமையான மனிதர். காட்டுக்குள் கால்வைத்ததில்லை என்றாலும், அட்டை ஏறாத காலுறையை அலுவலகத்திலேயே மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த வருஷம் அதுதான் நாகரிகம்.

"அருமையான படம்," என்றார் க்ளைவ். "கண் இமைகூடத் தெரியுது. அதுதான் சிக்கல்."

"இதுல என்னங்க சிக்கல்?"

"எவ்வளவு தூரத்துல இருந்து எடுத்தீங்க?"

"சமையலறை ஜன்னல்ல இருந்து. அதுவா வந்து கண்ணாடியில அலகை வச்சுது."

"பாத்தீங்களா! காட்டுப் பறவைன்னா மனுஷனைக் கண்டா விலகணும். கிட்ட வந்தா அது வீட்டுப் பறவை. வீட்டுப் பறவைக்கு எதுக்கு காடு?"

"அது வீட்டுப் பறவை இல்லீங்க. கதவைத் திறந்தா என்னையே உதைக்க வரும்."

"அது உங்களுக்கும் அதுக்கும் உள்ள விவகாரம். அதுல கவுன்சில் தலையிடாது." க்ளைவ் படத்தைத் திருப்பி நீட்டினார். "அதோட, பாதுகாப்பு விதின்னு ஒண்ணு இருக்கு. காட்டு விலங்கை அம்பது மீட்டருக்கு உள்ளே போய்ப் படம் எடுக்கக்கூடாது. இதை நான் வாங்கிக்கிட்டா விதிமீறலுக்கு நானே சாட்சி ஆயிடுவேன். அம்பது மீட்டர் தூரம், அந்தக் காட்டுக்குள்ள, குஞ்சுகளோட. கால் விரல் சுத்தமா தெரியணும்."

"அந்தக் காட்டுக்குள்ள அஞ்சாறு மீட்டருக்கு மேல எதுவுமே தெரியாதே!"

"அதுக்குத்தானேம்மா நல்ல லென்ஸ்னு ஒண்ணு கண்டுபிடிச்சு வச்சிருக்காங்க?"

நல்ல லென்ஸ் நரேலிடம் இல்லை. அவளிடம் இருந்தது கேமராவோடு ஒட்டிக்கொண்டு வந்த குட்டி லென்ஸ். ஊர்ப் புகைப்படக் கழகத்தில் அவள் நெடுநாள் உறுப்பினர், கூட்டத்துக்குக் கேக் சுட்டுக் கொண்டுபோவதில் முதன்மையான உறுப்பினர். ஆனால் வருடாந்தரக் கண்காட்சியில் அவள் படம் ஒன்றுகூட மாட்டப்பட்டதில்லை. "நல்லாத்தான் இருக்கு, ஆனா என்ன லென்ஸ்?" என்று கேட்பார்கள். சொன்னதும் அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடுவார்கள். அது அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

கழகத் தலைவர் மெர்வின் ஸ்கல்லி, ஓய்வுபெற்ற பல் டாக்டர். வாழ்நாள் முழுக்க இருட்டான பொந்துகளுக்குள் பார்த்தவர் என்பதால் மழைக்காட்டு வெளிச்சம் பற்றி அவர் சொல்வதே இறுதி. விஷயத்தைக் கேட்டதும் உடனே லென்ஸ் தேர்வுத் துணைக்குழு அமைத்தார். குழு நரேல் வீட்டுப் பின்புற வராந்தாவில் கூடியது. வந்தவர்கள் எல்லாரும் இலை அச்சிட்ட சட்டை, இலை அச்சிட்ட தொப்பி. லென்ஸ்களுக்கும் இலை அச்சிட்ட உறை. அடுத்த வீட்டுக்காரர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து எல்லாருக்கும் பேர் சொல்லி வணக்கம் வைத்தார்.

"காட்டுக்குள்ள இருட்டு. வாய் அகலமான லென்ஸ் வேணும்," என்றார் ஒருவர்.

"வாய் அகலமானா கனம். முக்காலி வேணும்."

"சேத்துல முக்காலி இறங்கிடும்யா. இலேசா ஒரு ஜூம் போதும்."

"ஜூமா?" என்றார் மெர்வின். "அதை வச்சு சூப்பர்மார்க்கெட்டுல தக்காளியை எடுக்கலாம். பின்னாடி இருக்கிறதெல்லாம் வெண்ணெய் மாதிரி உருகணும். இல்லேன்னா அது படமா?"

"மெர்வ்," என்றாள் நரேல் மெதுவாக. "நார்மன் வந்திருக்கு."

நார்மன் வந்திருந்தது. வராந்தாப் படிக்குக் கீழே, குடை நீட்டினால் தொடுகிற தூரத்தில், குஞ்சுகளோடு நின்று குழுவைப் பார்த்தது.

"யாரும் அசையாதீங்க! எடுங்க, எடுங்க!"

"எனக்குப் புகையா தெரியுது!" குளுகுளு காரிலிருந்து அப்போதுதான் இறங்கிய லென்ஸ்கள் அத்தனையும் புழுக்கத்தில் வியர்த்திருந்தன.

"எனக்குப் புகை இல்ல, ஆனா ரொம்பக் கிட்ட நிக்குது, தெளியவே மாட்டேங்குது. கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்கப்பா!"

"யாரு சொல்றது? நீயே போய்ச் சொல்லு!"

நார்மன் மேசைமேல் கழுத்தை நீட்டி, மெர்வினுடைய லென்ஸின் நீல மூடியைப் பழம் என்று நினைத்து விழுங்கிவிட்டு, குடும்பத்தோடு காட்டுக்குள் போனது. இரண்டு நாள் கழித்து அந்த மூடி காட்டின் நடுவே, ஒரு கூடை எச்சத்துக்கு நடுவே, கீறல்கூட இல்லாமல் கிடைத்தது. நரேல் அதை ஒரு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு ஓடினாள். க்ளைவ் ஜன்னலைத் திறந்துவைத்துப் பரிசீலித்தார்.

"மூடி அங்க இருந்ததுக்கு இது நல்ல ஆதாரம்," என்றார். "பறவை இருந்ததுக்கு எங்கம்மா ஆதாரம்?"

துணைக்குழு ஒருமனதாக முடிவெடுத்தது. மெர்வினுடைய அறுநூறு மில்லிமீட்டர் லென்ஸ்தான். அதை அவர் பேரப்பிள்ளையைத் தூக்குவதுபோலத் தூக்கி வந்து நரேலிடம் இரவல் கொடுத்தார். "நீயே எடும்மா, உன் பறவை," என்று அவர் சொன்னபோது நரேலுக்குக் கண் கலங்கியது. அந்தக் கனத்தைக் கையில் வாங்கிய நிமிஷம் அவளுக்குத் தான் ஒரு ஆள் என்று தோன்றிவிட்டது.

ஐம்பது மீட்டர் அளந்து முக்காலி நிறுத்தினார்கள். லென்ஸில் இலை தெரிந்தது. இடப்பக்கம் திருப்பினால் வேறு இலை. இலைக்குப் பின்னால் நார்மன் பழம் விழுங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. நரேல் அந்த இலையைப் படம்பிடித்துக் கொண்டுபோனாள்.

"இலை பிரமாதம்," என்றார் க்ளைவ். "ஒண்ணு செய்யலாமே. காட்சித் தடை நீக்கம்னு ஒரு அனுமதி இருக்கு. ஒரு கிளை ரெண்டு கிளை ஒதுக்கிக்கலாம்."

காட்டைக் காப்பாற்றக் கோரி நரேல் கொடுத்திருந்த மனு மூன்றாவது மாதமாகப் பரிசீலனையில் இருந்தது. வெட்டுவதற்கான அனுமதி, நரேலின் டீ ஆறுவதற்குள் வந்தது.

முதலில் முள்கொடி. அதை ஊரில் 'கொஞ்சம்-பொறு' என்பார்கள், சட்டையைப் பிடித்து நிறுத்திவிடும். அது ஒன்றுதான் அந்தக் காட்டில் இந்த வேலையை நிறுத்தப் பார்த்தது. அதை வெட்டியதும் பின்னால் விசிறிப் பனை நின்றது. அதை எடுத்ததும் அதன் பின்னால் கன்றுகள். கவுன்சில் ஆட்கள் முகம் சுளிக்காமல் உதவினார்கள், அப்படி ஒரு உதவும் குணத்தை ஊர் அதற்குமுன் பார்த்ததில்லை. பாதை கிடைத்தபின், வெளிச்சம் போதவில்லை என்றார் மெர்வின். மேலே கூரை போட்டிருந்த மரங்கள் நான்கைந்து இறங்கின. பிறகு பின்னணி உறுத்தியது. பின்னணியும் இறங்கியது.

ஒவ்வொரு தடவையும் நரேல் "காட்டுக்காகத்தானே" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். கடைசியில் லென்ஸ் வழியாகப் பார்த்தபோது படச் சட்டத்தின் வலது ஓரத்தில் ஒரு அடிமரம் மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது.

"ஏம்மா, எப்படி இருக்கு?" என்று கத்தினார் மெர்வின்.

"எல்லாம் சரி," என்றாள் நரேல், கண்ணை லென்ஸிலிருந்து எடுக்காமல். "வலது பக்கம் அந்த மரம் ஒண்ணுதான் இடிக்குது."

அது விழுந்த பிறகுதான், சேற்றில் உருண்ட நீலப் பழங்களைப் பார்த்து, அது எந்த மரம் என்று அவளுக்குத் தெரிந்தது.

மறுநாள் காலையில் நார்மன் வந்தது. மரம் இருந்த இடத்துக்கு வந்து நின்று, அடிக்கட்டையைப் பார்த்தது. குஞ்சுகள் காலோடு ஒட்டிக்கொண்டன. நல்ல வெயில். ஐம்பது மீட்டர். கால் விரல் ஒவ்வொன்றும் தெரிந்தது. நார்மன் தலையைத் தூக்கி நேராக லென்ஸைப் பார்த்தபோது நரேல் அழுத்தினாள். தன் வாழ்நாளிலேயே அதுதான் சிறந்த படம் என்று அவளுக்கு அப்போதே தெரிந்தது.

க்ளைவ் படத்தை நெடுநேரம் பார்த்தார். உண்மையிலேயே நெகிழ்ந்துபோனார்.

"விதிப்படி எல்லாம் சரியா இருக்கு. கசோவரி இருக்கிறதைக் கவுன்சில் மனசார ஒப்புக்குது. ஆனா..." அவர் விரலால் படத்தைச் சுற்றிக் காட்டினார். "காடு எங்கம்மா இதுல?"

"நீங்க சொல்லித்தானேங்க வெட்டினோம்!"

"நான் அனுமதிதான் கொடுத்தேன். வெட்டச் சொன்னேனா? பறவை வெட்டவெளியில நிக்குது. வெட்டவெளியிலயே சௌக்கியமா இருக்குன்னு இந்தப் படமே சொல்லுதே. வாகன நிறுத்துமிடத்தைவிட வெட்டவெளி வேற எங்க இருக்கு?"

நரேலுக்கு அழுகை வந்தது. க்ளைவ் காகிதக் கைக்குட்டை எடுத்துக் கொடுத்தார், ஆவன செய்யப்படும் என்றும் சொன்னார். அந்த விஷயத்தில் அவர் பேச்சு மாறவில்லை. ஆட்கள் அடுத்த வாரமே தார் ஊற்றினார்கள். பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருந்ததற்காகக் கழகத்துக்கு நன்றிக் கடிதமும் வந்தது.

விழா தடபுடலாகத் தொடங்கியது. நரேலின் படத்துக்கு முதல் பரிசு. அதைச் சுவர் அகலத்துக்குப் பெரிதாக்கி வாகன நிறுத்துமிடத்தின் வாசலிலேயே வைத்திருந்தார்கள். காரை நிறுத்திவிட்டு இறங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது நார்மனைத்தான். நார்மன் எங்கே போனது என்று நரேலுக்குத் தெரியவில்லை. நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் பார்த்ததாக ஒருவர் சொன்னார். ஒரு குஞ்சுதான் கூட இருந்தது என்றும் சொன்னார். அதைக் கேட்ட நாளிலிருந்து அவள் காலையில் பின்பக்கக் கதவைத் திறப்பதில்லை.

பரிசு வாங்கிய அன்று படத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். இலைச் சட்டை போட்ட கூட்டம் சூழ்ந்துகொண்டது. பறவைக்குப் பேர் என்ன என்று கேட்க யாருக்கும் நேரமில்லை. மெல்பர்னிலிருந்து வந்த ஒரு அம்மாள் படத்தின் கிட்டப் போய், தூரப் போய், மறுபடி கிட்டப் போய்ப் பார்த்தாள்.

"எப்படிங்க இது?" என்றாள் அவள். "மழைக்காட்டுல எங்க எடுத்தாலும் ஒரு கிளை, ஒரு கொடி, ஏதாவது வந்து கெடுத்துடுது. உங்களுக்கு மட்டும் பின்னணி எப்படி இவ்வளவு சுத்தமா வந்துச்சு?"

கூட்டம் பேச்சை நிறுத்திவிட்டு நரேலின் வாயைப் பார்த்தது. அத்தனை வருஷத்தில் அவளிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. அவள் காலடியில் புதுத் தார் வெயிலில் இளகிக்கொண்டிருந்தது. சொல்ல வேண்டியது என்ன என்று அவளுக்கு நன்றாகத் தெரியும், நாக்கு நுனிவரை வந்தும் விட்டது.

"லென்ஸ்தான்," என்றாள் நரேல்.