நாற்பத்தொரு மணி நேரம் என்கிறது மடிக்கணினி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. மூட்டுவலி நீங்கலாக நானும் உங்கள் அத்தையும் நலம். வீட்டைக் காலி செய்து மூட்டை கட்டும் மும்முரத்திலும் நீங்களும் மகளும் பேரக்குழந்தை வாலுவும் நேரத்துக்குச் சாப்பிடுவீர்கள் என்று நம்புகிறேன். இதை மின்னஞ்சலில் அனுப்பாமல் தாளில் எழுதக் காரணம், மடிக்கணினி வேலையாக இருக்கிறது. வேலையாக இருப்பவரைத் தொந்தரவு செய்வது, முப்பத்துநான்கு வருடம் ஆவணக் காப்பறையில் குப்பை கொட்டிய எனக்குப் பழக்கமில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். வாலு பிறந்ததிலிருந்து நான் எடுத்த படங்களையும் வீடியோக்களையும் உங்கள் ஹார்ட் டிஸ்கில் ஏற்றி வைக்கச் சொன்னீர்கள். திங்கட்கிழமை புது ஊருக்குக் கிளம்புகிறீர்கள். அதனால் ஞாயிறன்று வாசலில் வண்டியை நிறுத்தி, பத்தே நிமிடத்தில் வாங்கிக்கொண்டு போய்விடுவதாகவும் சொன்னீர்கள். உங்களுக்கு ஆயிரம் வேலை, நான் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. உங்கள் அத்தை எடுத்துக்கொண்டாள். வாலுவைப் பார்த்துப் பதினோரு வாரம் ஆகிறதாம். இருக்கட்டும். டிஸ்கில் ஏறினால் அல்லவா கொடுப்பதற்கு?

நீங்கள் லினக்ஸ் போட்டுக் கொடுத்த அந்தப் பழைய மடிக்கணினியின் பக்கவாட்டு இடுக்கில், நீங்கள் வாங்கி அனுப்பிய யுஎஸ்பி அட்டையைச் செருகினேன். "மாமா, லேப்டாப்போட சொந்த யுஎஸ்பி ரொம்ப ஸ்லோ. இந்தக் கார்டு இருந்தா பறக்கும்" என்று போனில் சொன்னீர்கள். பறக்கவில்லை. முதலில் இரண்டு மணி நேரம் பாக்கி என்றது. முகம் கழுவிவிட்டு வந்தால் பத்தொன்பது மணி. கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தேன், நாற்பத்தொன்று. பார்க்கப் பார்க்க ஏறுகிறதே என்று பயந்து மொட்டைமாடிக்குப் போனால், அந்த நேரம் பார்த்து அத்தை, "ஆளில்லாத ரூம்ல எதுக்கு சுவிட்ச்?" என்று அணைத்துவிட்டாள். பேட்டரிதான் செத்து இரண்டு வருடம் ஆகிறதே, மொத்தமும் போச்சு.

முதலிலிருந்து ஆரம்பித்தோம். வேகம் பார்க்க நீங்கள் சொன்ன கட்டளையைக் கறுப்புத் திரையில் அடித்தேன். அப்படி ஒரு கட்டளையே கிடையாது என்றது. மனுவை வாங்கிய கையோடு நிராகரிக்கும் அலுவலகத்தை என் சர்வீஸில் பார்த்ததில்லை. நடுவில் ஓர் இடைவெளி விட வேண்டுமாம், விட்டேன். கிளை கிளையாகப் பட்டியல் வந்தது. நம் டிஸ்க் இருக்கும் வரியில் வேகம் பன்னிரண்டு என்று போட்டிருந்தது. "நானூத்தி எண்பது வரணும் மாமா" என்றீர்கள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பன்னிரண்டேதான்.

மின்சாரம் மிச்சம் பிடிக்க அட்டை அவ்வப்போது கண்ணயர்கிறதோ என்று சந்தேகப்பட்டு, அதைத் தூங்கவிடாத கட்டளை ஒன்றும் கொடுத்தீர்கள். அதற்குக் கடவுச்சொல் கேட்டது. அடித்தேன், திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை. விசைப்பலகை அடைத்துக்கொண்டது என்று அத்தை துணியால் அழுந்தத் துடைத்தாள். துடைத்ததெல்லாம் கடவுச்சொல்லாகப் போய்ச் சேர்ந்து, மன்னிக்கவும், மீண்டும் முயல்க என்று வந்தது. மூன்று தடவை துடைத்தோம். மூன்று தடவையும் தவறு என்று எழுத்துபூர்வமாகக் குறித்துக்கொண்டது. சர்வீஸில் ஒரு மெமோகூட வாங்காதவன் நான், எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்கள்!

எதிர்வீட்டு லிஃப்ட் மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டினேன். "ஓவர்லோடு சார். குழந்தைய இவ்வளவு படம் எடுத்திருக்க வேணாம்" என்றார். அன்று அவருக்குத் தேநீர் கிடையாது என்று சொல்லிவிட்டேன்.

ஆகவே, இது போனில் தீரும் விவகாரம் இல்லை. நீங்கள் வெள்ளிக்கிழமை மாலையே நேரில் வந்து, கூடவே இருந்து மேற்பார்வை செய்தால்தான் ஆகும். ஏறி முடியும்வரை இங்கேயே தங்க வேண்டியிருக்கும். முழுக்க முழுக்கத் தொழில்நுட்பக் காரணம், வேறொன்றுமில்லை. தனியாக உட்கார்ந்திருந்தால் உங்களுக்குப் போரடிக்கும் என்பதால் மகளையும் வாலுவையும் அழைத்து வரவும்.

மூவரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,
மாமனார்

பி.கு.: மாப்பிள்ளை, அத்தை எழுதறேன். தபால்ல போடச் சொல்லி என்கிட்ட குடுத்தாரு, பிரிச்சுப் படிச்சுட்டேன். படமெல்லாம் செவ்வாய்க்கிழமையே ஏறியாச்சு. புதுக் கார்டு தேய்ஞ்சிடக் கூடாதுன்னு, கார்டை மாட்டிட்டு, டிஸ்கை மட்டும் லேப்டாப்போட பழைய ஓட்டையிலயே செருகி வெச்சிருந்தாரு. நான்தான் பார்த்துட்டுக் கார்டுல மாத்தினேன். நானூத்தி எண்பது! ஒன்றரை மணி நேரத்துல முடிஞ்சுது. சந்தோஷப்படுவாருன்னு பார்த்தா, டிஸ்க்ல ஏறினது அத்தனையும் அழிச்சுட்டு, வயரை மறுபடி பழைய ஓட்டைக்கே மாத்திட்டு, இந்த லெட்டரை எழுத ஆரம்பிச்சாரு. எனக்கும் குழந்தையைப் பார்க்காம இருக்க முடியலை. ரெண்டு நாளைக்குத் துணி எடுத்துக்கிட்டு வாங்க. வந்து பார்த்தா உங்களுக்கே தெரிஞ்சிடும், தயவுசெஞ்சு கார்டுல மாத்திடாதீங்க.