நாற்பது மரத்துச் சிறுத்தையின் சிலை நிதி

ஒரு காட்டில், தகுதிக்கு மீறின புகழோடு ஒரு சிறுத்தை வாழ்ந்து வந்தார். பெயர் மார்த்தாண்டன். சிறுத்தையை ‘அவர்’ என்கிறேனே என்று பார்க்காதீர்கள். நாற்பது மரத்துக்குச் சொந்தக்காரரை வேறு எப்படிச் சொல்வது?

அந்தக் காட்டில் ஒரு சட்டம் உண்டு. எந்த ஆண் மிருகம் எந்த மரத்தடியில் ஒன்றுக்குப் போகிறதோ, அந்த மரம் அன்றைக்கு அதற்குச் சொந்தம். பட்டா கிடையாது, பத்திரம் கிடையாது. சாதாரண ஆண் மிருகத்துக்கு நாளொன்றுக்கு ஐந்து மரம் தேறும். நிறையத் தண்ணீர் குடித்தால் ஏழு. மார்த்தாண்டனும் ரொம்ப காலம் ஆறு மரத்துச் சிறுத்தையாகத்தான் இருந்தார். இரண்டு வருடமாகத்தான் மரங்கள் கூடிக்கொண்டே போயின. பன்னிரண்டு, இருபது, முப்பது என்று ஏறி இப்போது நாற்பதில் வந்து நின்றது.

“இந்த வயசுல எல்லையை விரிவாக்கிக்கிட்டே போறார் பாருய்யா!” என்று கரடி பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி மாய்ந்து போனது. காடே வாயைப் பிளந்தது.

விஷயம் தெரிந்தவள் ஒருத்திதான், அவர் மனைவி கோமளம். ஒவ்வொரு மரத்தடியிலும் அவர் எவ்வளவு நேரம் நிற்கிறார், எத்தனை சொட்டு விழுகிறது, எப்படிப் பல்லைக் கடிக்கிறார் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

“என்னங்க, இது வீரமில்ல, வியாதி. டாக்டரம்மாகிட்ட ஒரு நடை போயிட்டு வந்துருவோம்.”

“மெதுவாப் பேசுடி! வெளியில தெரிஞ்சா நாப்பது மரமும் போயிடும்.”

டாக்டரம்மா ஒரு நாரை. ஆற்றோரத்தில் மருத்துவமனை வைத்திருந்தாள். வாசலில் ஒரு போர்டு: ‘ஆண்களுக்குப் புரோஸ்டேட் புற்றுநோய்ப் பரிசோதனை. கட்டணம் ஐம்பது நெல்லிக்காய்.’ அந்தக் காட்டில் நெல்லிக்காய்தான் பணம். சிறுத்தை நெல்லிக்காய் தின்னுமா என்று கேட்கக் கூடாது. நீங்கள் மட்டும் என்ன, ரூபாய் நோட்டைத் தின்கிறீர்களா?

எந்த ஆண் மிருகமும் போர்டைப் படிக்கவில்லை. நாரையின் அலகு எவ்வளவு நீளம் என்றுதான் பார்த்தது. பார்த்துவிட்டு, சுற்றுவழியாகத் தண்ணீர் குடிக்கப் போனது. “முதல்ல ரத்தம் மட்டும்தான்! அதையும் நம்ம கொசுதான் எடுக்கும்! அலகுக்கு வேலையே இல்ல!” என்று நாரை கத்திக் கத்தித் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

ஏன் ஒருவரும் வரவில்லை என்று கண்டுபிடிக்க, காட்டுச் சுகாதார அலுவலகம் ஓர் ஆமையை அனுப்பியது. ஆமையிடம் ஒரு படிவம் இருந்தது. அதில் ஒரே ஒரு கேள்வி: ‘மேற்படி பரிசோதனைக்குத் தாங்கள் அதிகபட்சம் எத்தனை நெல்லிக்காய் தரச் சம்மதம்?’

இந்தக் கேள்வியை ஒவ்வொரு குகையாகப் போய், தனியாக உட்கார வைத்துக் கேட்டிருக்க வேண்டும். ஆமைக்கு நடக்க அலுப்பு. ஆண்கள் எல்லோரும் சாயங்காலம் கூடுகிற தண்ணீர்த் துறைக்கு வந்து, அவர்களை வரிசையில் நிற்க வைத்து, ஊருக்கே கேட்கிற மாதிரிக் கேட்டது.

முதலில் நின்ற காட்டெருமை இருபது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தது. பின்னால் கரடி லேசாகக் கனைத்தது.

“எனக்கு எதுக்குய்யா அதெல்லாம்? பூஜ்யம்னு போடு” என்றது காட்டெருமை.

“எனக்கும் பூஜ்யம். அடியில ரெண்டு கோடு போடு” என்றது கரடி.

மார்த்தாண்டன் மீசையைத் தடவிக்கொண்டார். “நான் போய் நின்னா டாக்டருக்குத்தான்யா பெருமை. அந்தம்மாதான் எனக்கு நூறு தரணும். எழுதிக்க.”

அப்படி எழுதப் படிவத்தில் இடமில்லாததால் ஆமை அதையும் பூஜ்யம் என்றே எழுதியது. பிறகு அறிக்கை தயாரித்தது: ‘இக்காட்டு ஆண்கள் தரச் சம்மதிக்கும் தொகை பூஜ்யம். ஆகவே இவர்களுக்குப் புரோஸ்டேட் இல்லை எனக் கருதலாம்.’

அதே வாரம் காட்டெருமை கொம்புக்குப் பாலிஷ் போட இருநூறு நெல்லிக்காய் செலவழித்தது. கரடி தலைச்சாயத்துக்கு நூற்றைம்பது. மார்த்தாண்டன் நரியிடம் முந்நூறு கொடுத்து ஒரு லேகியம் வாங்கித் தின்றார். அதனால் மலச்சிக்கல் வந்ததே தவிர வேறொன்றும் நடக்கவில்லை.

ஒருநாள் காலை, தேக்கு மரத்தடியில் அவர் நின்றுவிட்டுப் போன இடத்தைக் கோமளம் பார்த்தாள். வேரில் சிவப்பாக இரண்டு சொட்டு. அவர் இல்லாத குகையை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தாள். அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்ததும் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடு நேராகக் கரடி வீட்டுக்குப் போனாள்.

“அண்ணே, உங்க சிநேகிதருக்கு ஒரு சிலை வைக்கலாம்னு இருக்கேன். நீங்க நூறு தந்தா...”

கரடிக்குக் கண் கலங்கிவிட்டது. “என்னம்மா நூறு? இருநூறா எழுது. கல்வெட்டுல எம்பேரு மட்டும் முதல்ல வரணும்.”

காட்டெருமை ஒரே ஒரு கேள்விதான் கேட்டது. “கரடி எவ்வளவு குடுத்தான்?”

“இருநூறு.”

“அப்ப எனக்கு இருநூத்தியொண்ணு.”

சாயங்காலத்துக்குள் எண்ணூறு சேர்ந்துவிட்டது. கடைசியாகக் கோமளம் புருஷனிடம் வந்து விஷயத்தைச் சொன்னாள். “எனக்கெதுக்குடி சிலையெல்லாம்?” என்று மார்த்தாண்டன் சரியாக ஒரு நிமிஷம் அடக்கம் காட்டினார். அப்புறம் பாறைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த ஐந்நூறையும் எடுத்து நீட்டினார். “கொஞ்சம் உசரமாவே செய்யச் சொல்லு.”

மறுநாள் கோமளம் நாரையையும் கொசுவையும் குகைக்கே கூட்டி வந்துவிட்டாள்.

“இவங்கதான் சிலை செய்யிறவங்களா?” என்றார் மார்த்தாண்டன்.

நாரைக்குப் பொய் வராது. “இல்லீங்க. நான் டாக்டர். உங்களுக்குப் புற்றுநோய்னு நான் சொல்லல. வெறும் வீக்கமாக்கூட இருக்கலாம். பாத்தாத்தான் தெரியும். வேண்டாம்னா சொல்லுங்க, போயிடுறேன்.”

மார்த்தாண்டன் உறுமப் போனார். குகைக்குள் கரடி இல்லை, காட்டெருமை இல்லை, உறுமலைக் கேட்க ஒருத்தரும் இல்லை. கோமளம் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். அவருக்கு உறுமல் வரவில்லை.

“வலிக்குமா?” என்று சின்னக் குரலில் கேட்டார்.

“கொசு கடிக்கிற வலிதான்” என்றது கொசு.

“காசு?”

“அதெல்லாம் நேத்தே கட்டியாச்சு. திருப்பித் தரமாட்டாங்களாம்” என்றாள் கோமளம்.

மார்த்தாண்டனுக்கு உயிரே வந்தது. பயத்தை ஒப்புக்கொள்ளாமல் சம்மதிக்க ஒரு வழி கிடைத்துவிட்டதே! “கட்டியாச்சா? அப்ப வீணாக்கக் கூடாது. எடுத்துக்கய்யா” என்று காலை நீட்டினார்.

ரத்தத்தைப் பார்த்துவிட்டு நாரை இன்னும் சில சோதனைகள் செய்தாள். அலகு பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. புற்றுநோய்தான், ஆனால் சின்னது, இடம்விட்டு நகரவில்லை. இப்போதே பார்த்தால் சரியாகிவிடும் என்றாள். அன்றைக்கு மார்த்தாண்டன் கோமளத்தின் மடியில் தலை வைத்து அழுதார். வைத்தியச் செலவுக்குச் சிலை நிதி அப்படியே போனது. மழைக்காலம் முடிவதற்குள் அவர் எழுந்து நடமாட ஆரம்பித்தார்.

ஆனால் மரங்கள் குறைந்துபோயின. இருபது, பத்து, கடைசியில் ஐந்து. மீதி மரங்களில் பெரும்பங்கு கரடி வசம் போனது. கரடிக்கு அப்போது நாளொன்றுக்கு இருபத்தெட்டு மரம்! “கரடி அண்ணன்தான்யா ஆம்பள” என்று காடு வாயைப் பிளந்தது. ஐந்து மரத்துச் சிறுத்தையை நானும் இனிமேல் ‘அவன்’ என்றே சொல்லலாம். நாக்குப் பழகிவிட்டது, போகட்டும்.

ஒருநாள் சந்தா கொடுத்தவர்கள் எல்லோரும் குகை வாசலுக்குப் படையெடுத்து வந்தார்கள். காட்டெருமைதான் முன்னால் நின்றது.

“தங்கச்சி, வருஷம் ஒண்ணாகப் போகுது. சிலை எங்க?”

வெயிலில் படுத்திருந்த மார்த்தாண்டனைக் கோமளம் காட்டினாள். “இதோ இருக்கே. மூச்சுகூட விடும்.”

பிறகு நடந்தது எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னாள். காட்டெருமை அவரைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தது. “அது சரி, எம்பேரு எங்க எழுதியிருக்கு?” என்று கத்தியது. ஏமாற்றிவிட்டாள், நெல்லிக்காயைத் திருப்பிக் கொடு என்று கூட்டம் கூச்சல் போட்டது.

கரடிக்கு மட்டும் கூச்சல் போட நேரமில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தில் அது மூன்று தடவை பக்கத்து மரத்தடிக்குப் போய்விட்டு வந்திருந்தது. மூன்றாவது தடவை ரொம்ப நேரமாயிற்று. கூட்டம் கலையும்வரை நின்றுவிட்டு, கோமளத்தின் காதருகே குனிந்தது.

“தங்கச்சி, இதே மாதிரி எனக்கு ஒரு சிலை வைக்கணும்னா எவ்வளவு ஆகும்?”

நீதி: ஆண்மகனைப் பரிசோதிக்க ஐம்பது கேட்டால் அவனும் தரமாட்டான், அவன் நண்பர்களும் தரமாட்டார்கள், அவனுக்குச் சிலை வைக்கக் கேட்டால் அத்தனை பேரும் அள்ளித் தருவார்கள். ஆகவே நீண்ட நாள் வாழ விரும்பும் ஆண், தன் நினைவு நிதியை இன்றே தொடங்கிவிட வேண்டும்.