இரண்டு வெள்ளைக்கு நடுவே ஒரு சிவப்புக் கோடு

ஒரே மாதிரித் தெரியும் இரண்டு நிறங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் எஞ்சினியரிங் படித்தவர்களுக்குப் பித்துப் பிடித்துவிடும். (எனக்குப் பிடித்தது.)

கல்யாணத்துக்கு முன்பே ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடத்துப் பக்கம், பழைய ஃபிளாட் ஒன்றை வாங்கியிருந்தோம். படுக்கையறை முழுக்கப் பாசிப்பச்சை. மேற்குச் சுவரில், கட்டில் போடும் இடத்துக்கு இரு பக்கமும் இரண்டு சின்ன ஜன்னல்கள். மாமியாராகப் போகிற மாமிக்கு அந்த அறையை மஞ்சளாக்க ஆசை. எனக்கு வெள்ளை.

"சாயங்காலம் வரேன். எந்த வெள்ளைன்னு முடிவாக் காட்டு. இல்லேன்னா மஞ்சள்தான்."

அந்த வீட்டில் என் பேச்சு எடுபடுமா என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும்.

தந்த வெள்ளை, பாலாடை வெள்ளை என்று இரண்டு சாம்பிள் டப்பாக்கள். சின்னத் திட்டு கண்ணை ஏமாற்றும் என்பதால், ஏணி போட்டு, ஜன்னல்களுக்கு நடுவில் கூரையிலிருந்து பாதிச் சுவர்வரை இரண்டு பட்டைகள் அடித்தேன். காய்ந்ததும் எது எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. கிரில்லுக்கு அடித்து மிஞ்சிய சிவப்பால் நடுவே ஒரு கோடு இழுத்தேன். (என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.)

காலையில் இடது பட்டை வெளுப்பு. மதியம் வலது. அப்புறம் இரண்டும் ஒன்று. சுவரைவிட்டு ஓர் அடிகூட நகராமல் பார்த்துக்கொண்டிருந்தேன். நேரம் போகப் போக, சுவரும் என்னைப் பார்ப்பது போலிருந்தது. முதுகைத் திருப்பினால் பிடரி கூசியது. பூட்டிய வீட்டில் நான் மட்டும்தான். பெயிண்ட் வாசனை தலைக்கேறிவிட்டது என்று ஃபேனைப் போட்டேன்.

பொழுது சாயும்போது வந்த மாமி, அறை வாசலிலேயே நின்றுவிட்டார்.

"யாருடி இது?" என்றார், மிக மெதுவாக.

அவர் பக்கத்தில் போய் நின்று திரும்பிப் பார்த்தேன். சுவர் முழுக்க ஒரு பச்சை முகம். நெற்றியில் பெருமாளுக்குச் சாத்துவது போல் பிரம்மாண்டமான திருமண், நடுவில் சிவப்பாக ஸ்ரீசூர்ணம். ஜன்னல்கள் இரண்டும் அஸ்தமன வெயிலில் சிவந்து, இமைக்காமல் எங்களையே பார்த்தன.

"மாமி, அது சாம்பிள்."

"வாயை மூடிண்டு சேவிச்சுக்கோ."

சேவித்தேன்.

மற்ற மூன்று சுவர்களை என் இஷ்டத்துக்கு விட்டுவிட்டார். வெள்ளைதான் அடித்தோம். (எந்த வெள்ளை என்று இப்போது எனக்கே தெரியாது.) மேற்குச் சுவரைத் தொட எந்தப் பெயிண்டரும் சம்மதிக்கவில்லை. "வேற ஆளைப் பாத்துக்குங்க" என்று ஏணியோடு போய்விடுகிறார்கள். இன்றைக்கும் சாயங்காலமானால் அது கண்ணைத் திறக்கிறது. அந்த நேரத்தில் நான் சமையலறையில் இருந்துவிடுவேன்.

ஜவுளிக்கடையில் நான் இரண்டு புடவைகளை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தால் போதும், என் கணவர் கடைக்காரரிடம் குனிந்து சொல்கிறார்: "இவ கையில சிவப்புப் பேனா மட்டும் குடுத்துடாதீங்கோ."