ஆறு மணி நேர இடைவெளி

காலை ஆறரைக்கு ஃபில்டர் காபி உள்ளே இறங்கவில்லையென்றால், மீனுவுக்கு அன்றைக்கு உலகத்தில் ஒருத்தரும் யோக்கியமில்லை. அந்த ஆறரைக் காபி போய் மூன்று நாளாகிறது.

வினை, புனேயில் அவர்கள் குடியிருந்த வாகட் பகுதியின் மெடிக்கல் ஷாப்பிலிருந்து வந்தது. வழக்கமான தைராய்டு மாத்திரையோடு ஓர் ஆன்டிபயாடிக்கையும் ஒரே பில்லில் போட்ட கடைக்காரர், இரண்டும் சேர்ந்தால் தைராய்டு மாத்திரை உடம்பில் ஒட்டாது, நடுவில் ஆறு மணி நேரம் விட வேண்டும் என்று எச்சரித்தார். அவள் கணவன் முரளி ஹிஞ்சவாடி ஐ.டி. கம்பெனியொன்றில் ப்ராஜெக்ட் மேனேஜர். சும்மா இருப்பானா? லீவு போட்டுவிட்டு எக்ஸெல்லைத் திறந்து உட்கார்ந்துவிட்டான்.

காலை ஆறுக்குத் தைராய்டு. பகல் பன்னிரண்டுக்கும் நடுநிசி பன்னிரண்டுக்கும் ஆன்டிபயாடிக். ராத்திரி அலாரத்துக்கு எழுந்த இருவரும் மறுநாள் எட்டுக்குத்தான் கண் விழித்தார்கள். அட்டவணை மொத்தமும் இரண்டு மணி நேரம் நகர்ந்தது. அதற்கடுத்த நாள் பத்து. நாலாம் நாள் தைராய்டு மாத்திரை உச்சி வெயிலில் வந்து நின்றது. அதுவோ வெறும் வயிற்றில் போக வேண்டியது. காபி அதற்கும் அரை மணி கழித்துத்தான்.

"ஏங்க, மத்தியானம் பன்னண்டரைக்குக் குடிச்சா அதுக்குப் பேரு காபியா?"

"ஷெட்யூல் கொஞ்சம் ஸ்லிப் ஆயிடுச்சு மீனு. சரி பண்ணிடலாம்."

சரி பண்ணினான். மாத்திரைகள் ஒன்றையொன்று நெருங்கக் கூடாதென்று ஒன்றைப் பூஜை அலமாரியிலும் மற்றதை ஷூ ரேக்கிலும் வைத்தான். ஆன்டிபயாடிக்குக்குப் பால் ஆகாது என்று எங்கோ படித்துவிட்டுப் பால்காரரையே நிறுத்தினான். வேண்டுமானால் கட்டங்காபி குடிக்கலாமே என்று யோசனையும் சொன்னான். மீனுவுக்கு அழுகையே வந்துவிட்டது. சென்னைக்கு எப்போது ரயில் என்று பார்க்க ஆரம்பித்தாள்.

பாத்திரம் தேய்க்க வந்த மங்கல், சுவரில் ஒட்டியிருந்த அட்டவணை என்னவென்று விசாரித்தாள். மீனு இந்தியும் மராத்தியுமாக நாலு நாள் கதையையும் கொட்டித் தீர்த்தாள். மங்கல் தோசைக்கல்லைக் கீழே வைத்துவிட்டு மராத்தியில் நிதானமாகக் கேட்டாள்:

"அண்ணி, தைராய்டு உங்களுக்கு. காரசாரமா மிசல் தின்னு வயிறு கெட்டது முரளி சாகேபுக்கு. இந்த ரெண்டு மாத்திரையும் யார் வயித்துல போய்ச் சந்திச்சுக்கும்?"