மைக் அங்கிளும் என் ஆராய்ச்சியும்

மைக் அங்கிள் பேசாமல் உட்கார்ந்திருந்ததை பாச்சாங் அடுக்குமாடியில் யாரும் பார்த்ததில்லை. பல் பிடுங்கப் போன இடத்தில்கூட அவர்தான் பேசினாராம். அவர் மனைவியே சொன்னார்.

லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். கையில் மைக்கோடு, சக்கரம் வைத்த கரோக்கே ஒலிபெருக்கி ஒன்றை நாய்க்குட்டி மாதிரி இழுத்துக்கொண்டே திரிவார்.

நான் ஆயர் குரோ பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் புது விரிவுரையாளர். ஒப்பந்த வேலை, ஆய்வு தேறினால்தான் நீட்டிப்பார்கள். அந்த அடுக்குமாடியில் இருக்கும் வயதானவர்கள், கிளினிக்கில் டாக்டரைப் பார்க்கக் குறித்துக் கொடுத்த தவணையை ஏன் தவறவிடுகிறார்கள் என்பது என் தலைப்பு. அதை அந்த மக்களோடு சேர்ந்தே ஆராய வேண்டும்: கேள்விகளை அவர்களே யோசித்து, அவர்களே அக்கம்பக்கத்தில் கேட்டு வர வேண்டும். முதல் ஆளாகச் சேர்ந்தவர் அங்கிள்.

"டாக்டர் பொண்ணு வந்திருக்கு, எல்லாரும் கீழ வாங்க லா!" என்று மைக்கில் கூப்பிட்டார். வந்தவர்கள் கையில் எல்லாம் மருந்துப் பை.

"நான் வைத்தியம் பாக்குற டாக்டர் இல்லைங்க, படிச்சு வாங்கின டாக்டர்."

"அப்ப அவங்கள்லாம் படிக்காமலா வாங்கினாங்க?" என்று ஓர் அம்மா முழங்காலை நீட்டினார்.

யார் என்ன சொன்னாலும் ரகசியம் காக்க வேண்டும் என்று அங்கிளுக்கு விளக்கினேன். மறுநாள் மொத்த புளோக்குக்கும் அவர் மைக் கேட்டது: "நீங்க சொல்றது யாருக்கும் தெரியாது! லெட்சுமி அக்கா, கிளினிக்குன்னு சொல்லிட்டு நீங்க பசார்ல உக்காந்திருக்கிறது கூட வெளிய வராது!"

லெட்சுமி அக்கா கதவைச் சாத்தினார். அங்கிள் மன்னிப்புக் கேட்கப் போனார், மைக்கோடு.

இந்த நேரத்தில்தான் என் ஆய்வை மதிப்பிட ஒரு பேராசிரியர் நேரில் வந்தார். அடுக்குமாடி மண்டபத்தில் கூட்டம். "இவர்கள் ஏன் போவதில்லை? இதுவரை என்ன தெரிந்தது?" என்று கேட்டார். நான் குறிப்பேட்டைப் புரட்டத் தொடங்கினேன். அங்கிள் மைக்கோடு எழுந்தார். என் வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

அவர் நேராகக் கடைசி வரிசைக்குப் போய், லெட்சுமி அக்கா கையில் மைக்கைக் கொடுத்தார்.

"நீங்களே சொல்லுங்கக்கா. நான் சொன்னா தப்பாயிடுது."

அக்கா தயங்கித் தயங்கிப் பேசினார். "மருந்து ஒழுங்கா சாப்பிடலன்னா டாக்டர் திட்டுவாரு. திட்டு வாங்கவா நான் சேலை மாத்திக்கிட்டு போகணும்?"

மண்டபம் சிரித்தது. "எனக்கும் அதான்!" என்று ஒரு குரல். பிறகு மைக்குக்கு வரிசை கட்டினார்கள். தனித்தனியாகக் கேட்டபோது பஸ் இல்லை, மழை என்றவர்கள்தான். பேராசிரியர் குனிந்த தலை நிமிராமல் எழுதினார். அங்கிள் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இப்போது தவணை நாளில் பக்கத்து வீட்டார் துணைக்குப் போகிறார்கள். திட்டு விழுந்தால் பாதிப் பாதி.

ஒப்பந்தத்தை நீட்டித்த செய்தி வந்ததும் காரை ஓரம் கட்டி, நன்றாக மூச்சு விட்டேன். முதலில் அங்கிளுக்குத்தான் போன் செய்தேன்.

"அப்ப நீ வேற ஊருக்குப் போக வேணாம்லம்மா?" என்றார்.

அந்தக் கவலை எனக்கு மட்டும்தான் என்று இருந்துவிட்டேன்.