மாதிரி வீட்டில் பால் பொங்கிய விவரம்

கோப்பெங்,
ஆடி முதல் வெள்ளி.

தெலுக் இந்தானில் சொந்த வீட்டோடும் இரண்டு காரோடும் வாழ்ந்துவரும் மரியாதைக்குரிய மச்சான் இராமசாமி அவர்களுக்கு, உங்கள் தங்கை பாப்பாவின் கணவன் பிச்சைமுத்து எழுதிக்கொள்வது. இங்கே பாப்பாவின் முழங்கால் வலியும் என் சர்க்கரையும் தவிர மற்ற எல்லோரும் சௌக்கியம். அங்கே நீங்களும் துளசி அக்காவும் பேரப் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க எல்லாம் வல்ல முனியாண்டி துணை நிற்பார். வாட்ஸ்அப்பில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். வாட்ஸ்அப்பை நீங்கள் பார்த்துவிட்டுப் பார்க்காதவர் மாதிரி இருந்துவிடுவீர்கள். கடிதம் என்றால் துளசி அக்கா பிரித்துச் சத்தமாகப் படிப்பார். அதுதான் எனக்கு வேண்டும்.

விஷயம் இதுதான்: எங்களுக்கு வீடு கிடைத்துவிட்டது. உங்கள் மகள் பிரமிளா கல்யாணப் பந்தியில், ஊரே சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "என் தங்கச்சி லயத்துல பொறந்தா, லயத்துலயே கட்டிக் குடுத்தோம், அவ கதை லயத்துலயேதான் முடியப்போவுது" என்று சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். நீங்கள் மறந்திருப்பீர்கள். பாப்பா இலையை மூடிவிட்டு எழுந்துபோய்க் கை கழுவுகிற இடத்தில் குழாயைத் திறந்துவிட்டபடி நின்றாள். நான் பார்த்தேன். அன்றைக்கு மனதில் முடிந்துகொண்டேன் மச்சான், இவளை ஒரு சொந்த வீட்டில் உட்காரவைக்காமல் கண்ணை மூட மாட்டேன் என்று.

எங்கள் வெள்ளைப்பாலம் தோட்டத்தில் ரப்பர்ப் பால் மரத்தை வெட்டிச் செம்பனை போட்டு, செம்பனையையும் வெட்டி நிலத்தை வீடமைப்புக் கம்பெனிக்கு விற்றது உங்களுக்குத் தெரியும். லயத்து வரிசை வீடுகளில் கிடந்த எங்கள் குடும்பங்களுக்கு அதே நிலத்தில் மலிவு விலை வீடு என்று கம்பெனி எழுதிக் கொடுத்தது. சாதாரண வீடில்லை. நிலைத்த, ஒருங்கிணைந்த வீடமைப்பு என்று புத்தகம் அடித்துக் கொடுத்தார்கள். கூரையில் வெயிலைப் பிடித்து மின்சாரம், பீப்பாயில் மழையைப் பிடித்துத் தண்ணீர், நடுவில் காய்கறித் தோட்டம், ஒரு பக்கம் கோயில், ஒரு பக்கம் முஸ்லிம்கள் தொழுவதற்குச் சூராவ், கீழே கடைகள். அடுக்குமாடிக் கட்டடங்கள் மூன்றும் எழும்பி, சாயமும் அடித்து, செடியும் நட்டாயிற்று. சாவியை மட்டும் காணவில்லை. குடியிருப்போர் குழுத் தலைவன் என்ற முறையில் நான் மாதம் தவறாமல் போய்க் கேட்பேன். அங்கே இருக்கிற சீன மேனேஜர் மாதம் தவறாமல் "அடுத்த மாசம் அங்கிள்" என்பார். நாற்பது வருஷம் லோரி ஓட்டியவன் நான். நகராத வண்டியை எனக்குப் பார்த்ததும் தெரியும்.

போன வெள்ளிக்கிழமை, வீடு எப்படி இருக்கும் என்று பார்க்க எல்லோரையும் கூப்பிட்டிருந்தார்கள். அதற்கென்று நுழைவாயிலில் தனியாக ஒரு மாதிரி வீடு கட்டி, சோபா, கட்டில், திரைச்சீலை எல்லாம் போட்டு வைத்திருக்கிறார்கள். நாங்கள்தான் முதலில் போனோம். பாப்பா கையில் ஒரு பெரிய பை. என்ன என்று கேட்டேன், "பேசாம வாங்க" என்றாள். உள்ளே மேனேஜர் வழக்கம்போல "அடுத்த மாசம்" என்று தொடங்கினார். பாப்பா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். "அடுத்த மாசம் ஆடி. ஆடியில எவளாச்சும் புது வீட்டுல பால் காச்சுவாளா? ஆனியில இன்னைக்குத்தான் கடைசி நல்ல நாளு" என்று சொல்லிவிட்டுப் பையைத் திறந்தாள். கேஸ் அடுப்பு, பித்தளைப் பானை, பால், குத்துவிளக்கு, சாமி படம், சாம்பிராணி. மேனேஜர் அவளுக்குக் கண்ணாடி மேசையைப் பற்றி விளக்கிக்கொண்டிருக்கும்போதே கிழக்குப் பார்த்து அடுப்பைப் பற்றவைத்துவிட்டாள். பால் பொங்கிக் கிழக்குப் பக்கமாகவே வழிந்தது மச்சான். சாம்பிராணிப் புகைக்குக் கூரையில் இருந்த தீயணைப்பு மணி அடித்தது. காவலுக்கு நிற்கும் நேப்பாளிப் பையன் தீயணைக்கும் உருளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். அவனுக்குத்தான் முதல் டம்ளர் பால்.

பிறகுதான் விளையாட்டே. புது வீட்டில் ஏற்றிய விளக்கை வைத்துவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு போக முடியுமா? அன்று அங்கேதான் படுக்க வேண்டும் என்று பாப்பா சோபாவில் காலை நீட்டிவிட்டாள். வீடு விற்கிற சரளா என்ற பெண், ஈப்போ பிள்ளை, கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள்.

"ஆண்ட்டி, நீங்க இருந்துட்டுக்கூட போங்க, வெளக்க மட்டும் அணைச்சிருங்க லா. பாஸ் ஏசுறாரு."

"நீயே அணைச்சிட்டுப் போம்மா. நா தடுக்கல."

அந்தப் பெண் விளக்கைப் பார்த்தாள், சாமி படத்தைப் பார்த்தாள். மேனேஜரிடம் திரும்பிப் போய், "சாரி பாஸ், என்னால முடியாது. எனக்கு இன்னும் கல்யாணம் ஆவல" என்று சொல்லிவிட்டாள். சரி, மேனேஜர் அணைக்கலாமே? அவர் வீட்டு வாசலிலும் சிவப்பு மாடத்தில் ஊதுபத்தி எரிகிறது. அடுத்தவன் சாமி முன்னால் எரிவதை ஊதி அணைக்க அவருக்கு மட்டும் தைரியம் இருக்குமா? நேப்பாளிப் பையனைக் கூப்பிட்டார். அவன் விளக்கைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனான். ஒரு சின்ன நெருப்பை ஊத முடியாமல் ஒரு கம்பெனியே நின்றது.

அதற்குள் நான் லயத்துக்குப் போன் போட்டுவிட்டேன். அத்தனை குடும்பமும் பானையோடு வந்து இறங்கியது. பால் போதவில்லை. கீழ்க்கடைக்குப் பதிந்துவிட்டு எங்களைப் போலவே சாவிக்குக் காத்திருக்கும் ஜஹாங்கீர் பாய், கோப்பெங் டவுன் உணவகத்துக்காரர், "பால்தானே அண்ணே, தே தாரேக் டீ ஆத்த வச்சிருக்கேன், லோரியோட அனுப்புறேன்" என்று சொல்லி அனுப்பியும் வைத்தார். சனிக்கிழமை வீடு வாங்க வந்த பெரிய மனிதர்கள் வாசலில் வரிசையாகப் பால் பொங்குவதைப் பார்த்து, நீங்கள் எப்போது பதிந்தீர்கள் என்று கேட்டார்கள். எங்கள் ஆட்கள் உண்மையைச் சொன்னார்கள். கேட்டவர்கள் காரைத் திருப்பிக்கொண்டு போனார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈப்போவிலிருந்து பெரிய பாஸே வந்துவிட்டார்.

அவர் வந்து சொன்ன காரணத்தைக் கேளுங்கள். வீடு முடிந்து, அனுமதியெல்லாம் கிடைத்து மாதக்கணக்காகிறதாம். சாவிகள் ஆபீஸ் அலமாரியில் ரிப்பன் கட்டித் தயாராக இருக்கின்றனவாம். திறப்பு விழாவுக்கு ஒரு பெரும்புள்ளியைக் கேட்டிருக்கிறார்கள், அவருக்குத் தேதி ஒத்துவரவில்லையாம்! நாங்கள் ஒழுகுகிற கூரைக்குக் கீழே வாளி வைத்துக்கொண்டு படுத்திருக்கிறோம், சாவி ரிப்பனோடு படுத்திருக்கிறது. நான் எழுந்தேன். "ரிப்பன் வெட்டத்தான் ஆள் வேணும்னா, எங்க பொம்பளைங்க அத்தன பேர்கிட்டயும் கத்தி இருக்கு, காய் நறுக்குற கத்தி" என்றேன். பெரிய பாஸ் சிரித்துவிட்டார். அலமாரியைத் திறக்கச் சொன்னார். ஆடி பிறப்பதற்குள் எங்கள் சனம் அத்தனை பேர் கையிலும் சாவி. பல்லுப்போன கிழவர்களெல்லாம் சாவியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அழுகை வந்தது மச்சான், நான் மறைக்கவில்லை.

எனக்கு சி பிளாக்கில் நாலாவது மாடிச் சாவியை நீட்டினார்கள். அங்கேதான் உங்கள் மச்சானின் மூளை வேலை செய்தது. பால் பொங்கியது இங்கே. விளக்கு எரிவது இங்கே. பிறகு எதற்கு நாலு மாடி ஏற வேண்டும்? மேலும், ஊருக்குக் காட்டுவதற்கென்றே கட்டிய வீட்டைவிட நல்ல வீடு அந்த வட்டாரத்தில் இருக்க முடியுமா? "எனக்கு இந்த வீடே போதும்" என்றேன். மேனேஜர் "அங்கிள், இது ஷோ ஹவுஸ்..." என்று இழுத்தார். நல்லதை விட மனம் வராமல் இழுக்கிறார் என்று கையைக் காட்டி நிறுத்தினேன். மறுபடி இழுத்தார், மறுபடி நிறுத்தினேன். லயத்தில் பவித்ரன், புனிதா என்று ஒரு புதுத் தம்பதி. பட்டியல் எழுதிய பிறகு கல்யாணம் செய்ததால் அவர்களுக்கு வீடில்லை. புனிதாவுக்கு இது நிறைமாதம். சி பிளாக் சாவியை அவள் கையில் கொடுத்து, அங்கேயே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். அந்தப் பெண் என் காலில் விழக் குனிய முடியாமல் பாப்பாவைக் கட்டிக்கொண்டாள். பெரிய பாஸ் என் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தார். போகும்போது மேனேஜரிடம் "இப்போதைக்கு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

வீட்டைப் பற்றிச் சொல்கிறேன், பொறாமைப்படாதீர்கள். குழாயைத் திறந்தால் தண்ணீர் வராது, அதனால் சொட்டுக்கூட வீணாவதில்லை. டிவி அட்டையில் செய்தது, மின்சாரக் கட்டணம் கிடையாது. குளிர்பெட்டிக்குள் மோட்டார் இல்லை, பாப்பா சேலை அடுக்கியிருக்கிறாள். பழத்தட்டில் இருப்பது மெழுகு, எறும்பே வருவதில்லை. கழிப்பறையும் பார்வைக்குத்தான், அதற்கு ஜஹாங்கீர் பாயின் புதுக் கடைக்கு நடக்கிறோம், முழங்காலுக்கும் நல்லது. வேண்டியதெல்லாம் நடந்துபோகும் தூரத்தில் இருப்பதுதான் ஒருங்கிணைந்த வீடமைப்பு என்று புத்தகத்திலேயே போட்டிருக்கிறது. நாள் தவறாமல் முன்பின் தெரியாதவர்கள் வந்து அலமாரியைத் திறந்து பார்க்கிறார்கள். எங்கள் லயத்து வீட்டை யார் மச்சான் வந்து பார்த்தார்கள்?

ஆகவே துளசி அக்காவையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு ஒரு நடை வந்து, சோபாவில் உட்கார்ந்து, உங்கள் தங்கை கையால் ஒரு காப்பி குடித்துவிட்டுப் போங்கள். பெரியவர்களுக்கு வணக்கமும், சின்னவர்களுக்கு எங்கள் ஆசியும், பிரமிளாவின் மாப்பிள்ளைக்கு விசேஷமான விசாரிப்பும் சொல்லவும்.

இப்படிக்கு,
வீட்டுக்காரன் பிச்சைமுத்து

பி.கு: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் பாப்பா சாமி படம் மாட்ட ஆணி அடிக்கச் சொன்னாள். அடித்தேன். ஆணி சுவரின் அந்தப் பக்கம் வெளியே போய், அங்கே நின்ற சரளாவின் கைப்பையில் மாட்டிக்கொண்டது. சுவர் பலகையாம். வீடு முழுக்கப் பலகையாம். சரளா அழாத குறையாகச் சொன்னாள்: திங்கட்கிழமை வீட்டைக் கழற்றி லோரியில் ஏற்றுகிறார்கள், கம்பெனியின் அடுத்த திட்டம் தெலுக் இந்தானில். புனிதாவிடம் சாவியைத் திருப்பிக் கேட்கலாமா என்று வாய் திறந்தேன். "அந்தப் புள்ள நேத்து ராத்திரிதான் அங்க பெத்து எடுத்திருக்கு. கேட்டீங்கன்னா நா உங்களோட பேசவே மாட்டேன்" என்று பாப்பா சொல்லிவிட்டாள். விளக்கு எரிகிற வீட்டை விட்டு இறங்கவும் மாட்டாளாம். ஆடியில் நாம் வீடு மாறக் கூடாதே தவிர, வீடு ஊர் மாறலாமாம். லோரிக்காரனோடு பேசிவிட்டேன், நானே ஓட்டுகிறேன். ஆகையால் மேலே வரச் சொன்னதை அடித்துவிட்டுப் படியுங்கள், நாங்கள்தான் வருகிறோம். இடமில்லை என்று சொல்லிவிடாதீர்கள் மச்சான். வீடு எங்களுடையது, நீங்கள் மண் மட்டும் கொடுத்தால் போதும்.